புத்தகமா, சீனியரா, கூகுளா? முடிவு செய்வது நீங்க இல்ல

"இந்தக் காலத்துப் பசங்க புத்தகத்தையே தொடறதில்ல. எல்லாத்துக்கும் கூகுள்." இந்த வசனம் இல்லாமல் எந்த டிபார்ட்மென்ட்டிலும் ஒரு செமஸ்டர் முடிந்ததில்லை. இப்போ கூகுள் இருந்த இடத்தில் சாட்ஜிபிடி வந்திருக்கு, மற்றபடி வசனம் அதேதான். நாமளும் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, வெளியே வந்து அதே போனை எடுத்து அதையேதான் செய்கிறோம்.

இதில் தப்பு நம்முடைய சோம்பேறித்தனம் இல்லை என்பதுதான் என் வாதம். ஒருவர் எங்கே போய்த் தகவல் தேடுகிறார் என்பதை அவருடைய குணத்தைவிட, அவர் கையில் இருக்கும் வேலை அதிகமாகத் தீர்மானிக்கிறது. நமக்குக் கொடுக்கப்படும் வேலை ஒரே மாதிரி இருப்பதால் நாம் போகும் இடமும் ஒரே மாதிரி இருக்கிறது. வேலையை மாற்றாமல் "புத்தகம் படி" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எதுவும் மாறாது.

உங்க போன மாசத்தையே எடுத்துக்கோங்க. செமஸ்டர் தேர்வுக்கு முந்தின ராத்திரி எதைத் திறந்தீங்க? 2 மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று, மூணு மணி நேரம். இந்த வடிவத்துக்கு எது பொருந்துமோ அதைத்தான் திறந்திருப்பீங்க: பழைய கேள்வித்தாள், சீனியர் கொடுத்த நோட்ஸ், கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுத் தொங்கும் 'முக்கியக் கேள்விகள்'. எழுநூறு பக்கப் பாடப்புத்தகத்தை அந்த ராத்திரி திறப்பவன் புத்திசாலி இல்லை. லேப் வைவாவுக்கு முந்தின பேட்ச்காரனிடம் "என்னடா கேட்டார்?" என்று விசாரிப்பீங்க. மினி ப்ராஜெக்ட்டுக்கு யூடியூபும், கிட் விற்பவர் பென் டிரைவில் தரும் கோடும். ஒவ்வொரு இடத்திலும் நீங்க செய்தது அந்த வேலைக்குச் சரியான தேர்வுதான். அந்த வேலையே சரிதானா என்பது வேறு கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வேலைக்குப் போன பொறியாளர்களும் இப்படித்தான் என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1960களிலேயே இதை ஆராய ஆரம்பித்தார். 1968இல் அவரும் கெர்ஸ்ட்பெர்கர் என்பவரும் ஆராய்ச்சி-மேம்பாட்டுப் பொறியாளர்களிடம் தகவல் மூலத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். எது தரமானது என்பதைவிட எது எளிதில் கைக்கு எட்டும் என்பதுதான் தேர்வைத் தீர்மானித்தது. தரமான மூலம் எது என்று தெரிந்திருந்தும் பக்கத்தில் இருப்பதையே எடுத்தார்கள். அவர்களும் நம்ம ஆளுங்கதான்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 'எளிதில் எட்டுவது' என்பது வெறும் தூரக் கணக்கு இல்லை. முன்பே பலமுறை பயன்படுத்திய மூலம்தான் எளிதாகத் தெரிகிறது. பழகினால் பக்கம், பழகாவிட்டால் தூரம்.

இதற்கு சாட்சி தேடி பாஸ்டன் வரை போக வேண்டாம். எந்த மெக்கானிக்கல் மாணவனிடமும் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக்கைக் கொடுத்துப் பாருங்க. ஸ்பிரிங்கா, பேரிங்கா, கியரா, கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருப்பான். சிவில் நண்பர்களுக்கு ஐ.எஸ். 456 அப்படி. 'புத்தகமே தொடாத' அதே தலைமுறைதான் இது. காரணம் ஒன்றே ஒன்று: டிசைன் தேர்வுகளில் அந்தப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம், அவை இல்லாமல் கணக்கு முடியாது. வேலை கேட்டது, புத்தகம் பழகிவிட்டது. யாரும் அறிவுரை சொல்லி இது நடக்கவில்லை.

அடுத்த படிக்கு பின்லாந்து போகணும். 1995இல் காத்ரீனா பீஸ்ட்ரோம், கலெர்வோ யார்வெலின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பொது நிர்வாக அலுவலகங்களில் வேலை செய்பவர்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அலுவலகம் என்றதும் நமக்கு சம்பந்தமில்லை என்று தாண்டிப் போயிடாதீங்க. அவர்கள் வேலைகளை, முன்கூட்டியே எவ்வளவு தெரியும் என்பதை வைத்துப் பிரித்தார்கள். ஒரு முனையில் இயந்திரம் மாதிரி செய்துவிடக்கூடிய வேலை: என்ன தகவல் வேண்டும், எப்படிச் செய்யணும், முடிவு எப்படி இருக்கும் எல்லாமே தெரியும். மறுமுனையில் எதுவுமே முன்கூட்டித் தெரியாத உண்மையான முடிவெடுக்கும் வேலை. எளிய வேலைக்கு உள்ளே இருக்கும் ஃபைலும் பதிவேடுமே போதும். வேலை சிக்கலாக ஆக ஆக, அந்த விவரங்கள் மட்டும் பற்றாமல் துறை அறிவு தேவைப்படுகிறது, 'இதை எப்படி அணுகுவது' என்ற அறிவும் தேவைப்படுகிறது. தேடும் இடங்கள் கூடுகின்றன, அலுவலகத்துக்கு வெளியேயும் போக வேண்டியிருக்கிறது, நிபுணர்களின் பங்கு ஏறுகிறது. தேடியது கிடைக்கும் வாய்ப்பு மட்டும் குறைகிறது.

இதை ஒரு கட்டுமான சைட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரு ஜூனியர் இன்ஜினியருக்கு ஒரே நாளில் மூணு கேள்வி வருது என்று வைத்துக்கோங்க. முதல் கேள்வி, இந்த ஸ்லாபுக்குக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில்? இதற்கு டிராயிங்கைத் தவிர வேறு எதையும் பார்க்கக்கூடாது. புத்தகத்தைத் திறப்பதுகூட இங்கே தப்பு.

இரண்டாவது, கட்டடம் கடற்கரையோரம், டிராயிங்கில் எம்25 என்று போட்டிருக்கு, சந்தேகமா இருக்கு. இப்போ திறக்க வேண்டியது ஐ.எஸ். 456:2000. அதில் கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட் 'கடுமையான' வகை, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர். நேராக அடிக்காமல் உப்புக் காற்றிலிருந்து மறைவாக இருந்தால் ஒரு படி கீழே. அந்த வித்தியாசத்தைப் படித்துப் பார்க்கணும், படித்துவிட்டு டிசைனரிடம் எழுத்தில் கேட்கணும். இங்கே மேஸ்திரியின் அனுபவமோ நண்பனின் நினைவோ உதவாது. பழைய பாடப்புத்தகமும் உதவாது. 1978 பதிப்பில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்15 வரை அனுமதி உண்டு, 2000 பதிப்பில் குறைந்தபட்சமே எம்20. எம்15இல் பீம் கணக்குப் போடும் ஒரு நோட்ஸ் உங்க கையில் இருந்தால் அதன் வயசு புரிந்திருக்கும்.

மூன்றாவது, அஸ்திவாரக் குழி தோண்டும்போது மண் பரிசோதனை அறிக்கையில் சொல்லாத இடத்தில் நீர் ஊறுகிறது, பக்கச் சுவர் லேசாக நழுவுகிறது. இதற்கு எந்த கிளாஸில் விடை? எதிலும் நேராக இல்லை. மண் பரிசோதனை செய்தவருக்குப் போன் போடணும். பக்கத்து மனையில் வீடு கட்டியவரைக் கேட்கணும். இருபது வருஷமாக அந்தப் பகுதியில் குழி தோண்டுகிறவர் என்ன சொல்கிறார் என்று நின்று கேட்கணும். முதலில் ஆளை மேலே ஏற்றிவிட்டு இதையெல்லாம் செய்யணும்.

மூணு கேள்வியும் ஒரே ஆளுக்கு, ஒரே நாளில். முதலாவதற்கு மேஸ்திரியையும் மூன்றாவதற்கு டிராயிங்கையும் பார்ப்பவன்தான் ஆபத்தானவன். எவ்வளவு படித்திருக்கிறான் என்பது அங்கே கணக்கில்லை.

எலக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கும் இதே கதை உண்டு. எஸ்.டி.எம்.32 மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்கு டேட்டாஷீட் தனி, ரெஃபரன்ஸ் மேனுவல் தனி, எரட்டா ஷீட் தனி. எந்தப் பின்னில் எவ்வளவு மின்னழுத்தம் என்பது ஒன்றில், எந்த ரெஜிஸ்டரில் எந்த பிட் என்பது இன்னொன்றில், 'நாங்கள் சொன்னபடி இந்த சிப் இந்த இடத்தில் நடந்துகொள்ளாது' என்று தயாரிப்பாளரே ஒத்துக்கொள்வது மூன்றாவதில். எல்லாம் சரியாக எழுதியும் ஓடவில்லை என்று மூணு நாள் முட்டி மோதுகிறவர்களில் எத்தனை பேருக்கு மூன்றாவது ஒன்று இருப்பதே தெரியும்?

மேனுவல் என்ற பேச்சு வந்ததால் ஒரு சின்ன இடைச்செருகல். ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் கம்பெனியின் மெஷின் ரிப்பேர் டெக்னீஷியன்களோடு சுற்றி 1996இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கம்பெனி கொடுத்த மேனுவல், 'இந்த எரர் வந்தால் இதைப் பார், இல்லையென்றால் அதைப் பார்' என்று படிப்படியாகப் போகும். டெக்னீஷியன்களோ மேனுவல் கைவிட்ட மெஷின்களுக்கு, ஒன்றாகச் சாப்பிடும்போது, காபி குடிக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகளை வைத்து வழி கண்டுபிடித்தார்கள். பின்னாளில் அந்தக் கம்பெனியே, டெக்னீஷியன்கள் எழுதும் குறிப்புகளைச் சேர்த்துப் பகிர யுரேகா என்றொரு தரவுத்தளம் அமைத்தது. நம்ம கேன்டீன் பேச்சுக்கும் ஒரு மரியாதை இருக்கு என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

சரி, 'வேலைக்கு ஏற்ற மூலம், பக்கத்தில் இருப்பதே போதும்' என்று முடித்துவிடலாமா? கூடாது. அதற்கு 1981 ஜூலை 17 நினைவில் இருக்கணும்.

அமெரிக்காவில் கான்சஸ் சிட்டி, ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். வரவேற்புக் கூடத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கும் நடைபாலங்கள். நாலாவது மாடிப் பாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலமும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக முதல் வடிவமைப்பு. அவ்வளவு நீளத்துக்கு மறை போட்டுப் பொருத்துவது தொல்லை என்று இரண்டு கம்பியாக மாற்றினார்கள்: ஒன்று கூரையிலிருந்து நாலாவது மாடிப் பாலம் வரை, இன்னொன்று நாலாவது மாடிப் பாலத்திலிருந்து இரண்டாவது மாடிப் பாலத்துக்கு. பார்க்க ஒன்றுதான். ஆனால் இப்போது நாலாவது மாடி பீமுக்கு அடியில் இருந்த நட், தன் பாலத்தோடு கீழ்ப் பாலத்தையும் சுமக்கிறது. சுமை இரண்டு மடங்கு. முதல் வடிவமைப்பே நகரின் கட்டட விதி கேட்ட பலத்தைத் தரவில்லை என்பது விசாரணையில் பிறகு தெரிந்தது. அன்று மாலை கூடம் நிறையக் கூட்டம் இருந்தபோது பாலங்கள் விழுந்தன. 114 பேர் செத்தார்கள்.

தகவல் எப்படிப் போனது என்று பாருங்க. மாற்றத்துக்குப் போனில் ஒப்புதல் வாங்கினோம் என்றது இரும்பு வேலை செய்த தரப்பு. அப்படி ஒரு போனே வரவில்லை என்றது வடிவமைப்புத் தரப்பு. மாற்றம் இருந்த ஷாப் டிராயிங்கில் பொறியாளரின் முத்திரை இருந்தது, அந்த இணைப்புக்கான கணக்கு மட்டும் யாரும் போட்டுப் பார்த்திருக்கவில்லை. இரண்டு பொறியாளர்கள் மிசூரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள்.

இந்த மாற்றம் கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். 'ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு போடலாமா?' எல்லோரும் அதைச் சின்ன வேலையாக எடுத்துக்கொண்டு, சின்ன வேலைக்குரிய மூலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பேச்சு, ஒரு முத்திரை. வேலை எந்த வகை என்று கணிப்பதில் தப்பினால், மூலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் தப்புவீங்க. திரும்ப எடுக்க முடியாத விஷயம், ஆள் மேலே நிற்கப்போகிற விஷயம் என்றால், எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும் ஆளைக் கேட்பதோடு நிறுத்தக்கூடாது, காகிதமும் கணக்கும் வேணும். நண்பன் சொன்ன கோடை லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம், தப்பென்றால் அழிக்கலாம். ஊற்றிய கான்கிரீட்டை அழிக்க முடியாது.

இப்போ என்னை ரொம்ப நாளாக உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கஷ்டமான வேலைக்குத்தான் மனிதர்கள் அதிகம் தேவை என்றால், மனிதர்கள் இல்லாதவன் என்ன செய்வான்?

நம்ம வகுப்பில் எத்தனை பேர் கவுன்சலிங்கில் முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்தவர்கள்? அந்த வீட்டில் 'அண்ணா, இந்த ஆஃபர் லெட்டரில் பாண்டு போட்டிருக்கான், கையெழுத்துப் போடலாமா?' என்று கேட்க ஒரு அண்ணன் இல்லை. 'மாமா, உங்க பிளான்ட்டில் இந்த வால்வை எப்படிப் பராமரிப்பீங்க?' என்று கேட்க ஒரு மாமா இல்லை. புத்தகம் நூலகத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். இந்தியத் தரநிலைகளில் பெரும்பாலானவற்றை இப்போ பி.ஐ.எஸ். தளத்திலேயே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆவணத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது. போன் போட ஒரு நம்பர் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அப்படியே நிற்கிறது. வேலைக்குப் போன பிறகு 'அவன் ஸ்மார்ட், இவன் கொஞ்சம் மந்தம்' என்று சொல்லப்படுவதில் எவ்வளவு இந்த நம்பர் விவகாரம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நாலு வருஷமும் மார்க் வாங்கியவன், ஒரு சந்தேகத்தை யாரிடம், எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியாமல் அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சின்ன நஷ்டம் இல்லை.

'அதுக்குத்தான் சாட்ஜிபிடி இருக்கே' என்பீங்க. உண்மைதான், அது எல்லோருக்கும் பக்கத்தில். ராத்திரி இரண்டு மணிக்கும் சலிக்காமல் பதில் சொல்லும், 'இதுகூடத் தெரியாதா?' என்று சிரிக்காது. வாய் திறக்கக் கூச்சப்படுகிறவனுக்கு இது பெரிய உபகாரம், இதைக் கிண்டல் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதிலை உடனே சரிபார்க்க முடிகிற வேலைகளுக்கு அதைத் தாராளமாக எடுத்துக்கோங்க. ஆனால் ஐ.எஸ். கோடில் எந்த கிளாஸ் என்று கேட்டால், தப்பான எண்ணையும் சரியான எண்ணையும் ஒரே தைரியத்தோடு சொல்லும். அதை வைத்துக் கோடைத் திறங்க, கோடுக்குப் பதிலாக வைத்துக்காதீங்க. மூன்றாவது வகை வேலைக்கு வந்தால், அந்தக் குழியை அது பார்த்ததில்லை. அனுபவசாலி ஒருத்தர் உங்க கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் 'நீ ஏன் இதைக் கேக்குற? அங்க என்ன நடக்குது?' என்று திருப்பிக் கேட்பார். பாதி நேரம் அந்த எதிர்க்கேள்வியில்தான் விடை இருக்கும்.

அதனால் கல்லூரியிடம் நான் கேட்பது 'நூலக நேரம்' ஒரு பீரியட் அதிகமாக்குவதை இல்லை. வேலையை மாத்துங்க. ஒரு இன்டர்னல் தேர்வையாவது டேட்டாஷீட்டோ, கோடோ, மேனுவலோ கையில் வைத்து எழுதுகிற மாதிரி எல்லா டிபார்ட்மென்ட்டிலும் வையுங்க. மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் வேலை செய்தது மற்றவர்களுக்கும் செய்யும். விடை ஒன்றாக இல்லாத, வெளியே போய் ஒரு ஆளைப் பார்த்தால்தான் முடியும் என்கிற அசைன்மென்ட் செமஸ்டருக்கு ஒன்று போதும். பேருந்து டிப்போ, சர்க்கரை ஆலை, மின்வாரிய சப்-ஸ்டேஷன், ஊர் லேத் பட்டறை, எது கிட்ட இருக்கோ அது. அலும்னை சந்திப்பில் சால்வை போட்டுப் போட்டோ எடுக்கிறோம் இல்லையா, அந்த ஆட்களில் பத்துப் பேர் மாதம் ஒரு மணி நேரம் போன் எடுக்கச் சம்மதித்தால், முதல் பட்டதாரிப் பிள்ளைகளுக்குப் பத்து அண்ணன், அக்கா கிடைப்பார்கள்.

நீங்க தனியாகச் செய்ய முடிகிற ஒன்றும் இருக்கு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் கடைசியில் யாரும் படிக்காத ஒரு ரெஃபரன்ஸ் பட்டியலை, சீனியர் ரிப்போர்ட்டிலிருந்து அப்படியே ஒட்டுவோமே, அதற்கு முன்னால் ஒரு பக்கம் சேருங்க: எந்தக் கேள்வி வந்தது, யாரிடம் போனோம், அவர் சொன்னதை எதில் சரிபார்த்தோம். டேட்டாஷீட் பக்க எண்ணும் வரட்டும், லேப் டெக்னீஷியன் அண்ணன் பேரும் வரட்டும். போர்டு ஏன் சூடாகுது என்று கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னவர் பெரும்பாலும் அவர்தான். இதுவரை எந்த ரிப்போர்ட்டிலும் அவர் பேர் வந்ததில்லை. முதல் ரிவ்யூவில் கைடு 'இது எதுக்குப்பா?' என்று கேட்டால், அந்தப் பக்கத்திலிருந்தே நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்க.